2டியா, 3டியா: முதலில் கேமராவைக் கேளுங்கள்

கேட்ட கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இன்று சாதாரணக் கணினியிலேயே ஒரு முழு 3டி உலகத்தை ஓட்ட முடிகிறது. பிறகும் ஏன் 2டி கேம்கள் வந்துகொண்டே இருக்கின்றன, அது வசதி இல்லாத காலத்தின் மிச்சம்தானே? அப்புறம், முதல் கேம் செய்ய நினைப்பவர் எதில் தொடங்குவது?

மிச்சம் இல்லை. இரண்டும் வேறு வேறு விளையாட்டுகள், அவ்வளவுதான். ஆனால் ஏன் வேறு என்பதற்கு வழக்கமாகச் சொல்கிற காரணங்கள் பாதி தப்பு என்பதால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

பெரும்பாலானவர்கள் இதைப் படத்தைப் பற்றிய கேள்வியாகப் பார்க்கிறார்கள். எது அழகு, எது நிஜம் மாதிரி இருக்கிறது என்று. எனக்கு அது இரண்டாம்பட்சம். ஆடுகிறவருக்கு என்ன தெரிகிறது, என்ன தெரியாமல் போகிறது என்கிற இடத்தில்தான் இரண்டும் பிரிகின்றன. 2டியில் நிலவரம் உள்ளங்கை நெல்லிக்கனி. 3டிக்குள் போனதும் உங்களுக்கு ஒரு முதுகு முளைத்துவிடுகிறது, அந்த முதுகுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரியாது. மற்ற வித்தியாசங்களில் முக்கால்வாசி இந்த ஒன்றிலிருந்து வருபவை.

இதைப் பார்க்க வேண்டுமென்றால் 2டி டெராரியாவையும் 3டி மைன்கிராஃப்ட்டையும் அடுத்தடுத்து ஆடுங்கள். இரண்டும் முழுமையாக வெளியானது 2011இல். இரண்டிலும் வேலை ஒன்றேதான்: தோண்டு, சேர்த்துவை, வீடு கட்டு, இருட்டில் வருகிறவற்றிடமிருந்து தப்பித்துக்கொள். டெராரியாவில் நிலம் குறுக்கே வெட்டி நிறுத்திய மாதிரி திரையில் நிற்கும். வெளிச்சம் பட்ட இடம் வரைக்கும் எங்கே குகை, எங்கே தண்ணீர், மேலே ஏற வழி எது என்று எல்லாம் விரிந்து கிடக்கும். மைன்கிராஃப்ட்டில் சுரங்கத்துக்குள் மூன்று முறை திரும்பினால் போதும், கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி ஆகிவிடும். அதனால்தான் அதை ரொம்ப நாள் ஆடியவர்களில் பலர் உள்ளே போகும்போது தீப்பந்தங்களை வலது பக்கச் சுவரில் மட்டும் வைத்துக்கொண்டே போவார்கள். அவை இடது பக்கம் தெரிந்தால் வெளியே போகிற திசையில் இருக்கிறோம் என்று கணக்கு. டெராரியா ஆடுகிறவருக்கு இப்படி ஒரு பழக்கம் தேவையே படாது.

அப்புறம் கிரீப்பர், மைன்கிராஃப்ட்டில் கிட்டே வந்து வெடிக்கிற எதிரி. நீங்கள் மும்முரமாகத் தோண்டிக்கொண்டிருக்கும்போது பின்னால் 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் வரும், 1.5 நொடி, வெடித்துவிடும். திரும்பிப் பார்ப்பதா, பார்க்காமலே ஓடுவதா? அந்த ஒன்றரை நொடிப் பதற்றத்தை 2டியில் கொண்டுவர வழியே இல்லை, ஏனென்றால் அங்கே கிரீப்பர் அரைத் திரை தூரத்தில் வரும்போதே பார்த்திருப்பீர்கள். சரி, எதிர்ப்பக்கமும் பார்ப்போம். டெராரியாவின் பெரிய எதிரிகளில் சில திரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை புழு மாதிரி நெளிந்து பாயும், கூடவே நாலா பக்கமும் சின்னச் சின்ன எதிரிகள் வரும். அத்தனையையும் ஒரே பார்வையில் அளந்து இடைவெளியில் நழுவுவதுதான் அங்கே சுகம். அதே சண்டையை முதல் ஆள் பார்வையில், அதாவது பாத்திரத்தின் கண் வழியாகவே பார்க்கிற மாதிரி வைத்தால் எங்கிருந்து அடி விழுந்தது என்றே தெரியாமல் செத்துக்கொண்டிருப்பீர்கள். பல 3டி கேம்களில் திரையைச் சுற்றி ஒட்டியிருக்கிற குட்டி வரைபடம், அம்புக்குறி, அடி விழுந்த பக்கம் சிவக்கிற வளைவு எல்லாம் முதுகுக்கு மாட்டிய கண்ணாடிகள்தான். 2டியில் அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வேலை இல்லை.

அடுத்தது குதிப்பது. இதில் நான் நடுநிலை கிடையாது, குதிக்கிற கேம் என்றால் 2டிதான் என்று சொல்கிற கட்சி. காரணம் எளிது. நம் திரை தட்டை. நிஜ உலகத்தில் தூரத்தை அளக்க நமக்கு இரண்டு கண் இருக்கிறது. தட்டைத் திரையில் ஆழம் என்பது ஊகம். மேடை எவ்வளவு தள்ளி இருக்கிறது, ஆள் இப்போது எதற்கு மேலே மிதக்கிறான் என்பதை நிழல், அளவு, கேமரா (கேமுக்குள் நம் பார்வை நிற்கிற இடம்) நகர்வு இவற்றை வைத்துக் குத்துமதிப்பாகக் கணிக்கிறோம். 1996இல் வந்த சூப்பர் மாரியோ 64இல் மாரியோவின் நிழலைக் கவனித்திருக்கிறீர்களா? வெளிச்சம் எந்தப் பக்கம் இருந்தாலும் சரி, நிழல் அவன் காலுக்கு நேர் கீழே ஒரு கருவட்டமாக விழும். இயற்பியல்படி தப்பு. ஆனால் அந்த வட்டம் இல்லாவிட்டால் எங்கே இறங்கப்போகிறான் என்று சொல்லவே முடியாது. அதுவும் போதாது என்று மேடைகளைத் தாராளமாக அகலப்படுத்துவார்கள், எட்டாத குதியைக்கூட விளிம்பைப் பிடித்துத் தொங்கவிட்டுக் காப்பாற்றுவார்கள்.

2018இல் வந்த செலஸ்ட் என்ற 2டி கேமை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முழுத் திரையே 320க்கு 180 பிக்சல்தான், அதைப் பெரிதாக்கிக் காட்டுகிறார்கள். முள்ளுக்கும் உங்களுக்கும் நடுவே எத்தனை பிக்சல் என்று ஏறக்குறைய கண்ணாலேயே எண்ணலாம். அதில் ஒரு சின்ன கருணையும் உண்டு: விளிம்பைத் தாண்டிக் காற்றில் கால் வைத்த பிறகும் 0.1 நொடி வரைக்கும் குதிக்க விடுவார்கள். ஆடுகிறவருக்கு இது தெரியவே தெரியாது, தான் சரியாகக் குதித்ததாகவே நினைத்துக்கொள்வார். இப்படி நொடியில் பத்தில் ஒரு பங்கு வரைக்கும் செதுக்குவதற்கு ஆடுகிறவர், செய்கிறவர் இருவரும் ஒரே படத்தை ஒரே தெளிவோடு பார்க்க வேண்டும். இந்த உத்தியை 3டியிலும் வைக்கிறார்கள், ஆனால் அங்கே தோற்கும்போது 'நான் தப்பு செய்தேன்' என்பதற்குப் பதில் 'கேமரா மறைத்துவிட்டது' என்று தோன்ற எப்போதும் ஒரு இடம் இருக்கிறது. செலஸ்ட்டில் ஆயிரம் முறை செத்தவரும் கேம் மேல் பழி போடமாட்டார்.

திரை முழுக்க குண்டுகள் பூப்போல விரிந்து வரும் 2டி சுடும் கேம்களுக்கும் இதே கதைதான். 2017இன் நியர் ஆட்டோமேட்டா ஒரு 3டி கேம், ஆனால் அவ்வப்போது கேமராவைத் தலைக்கு நேர் மேலேயோ பக்கவாட்டிலோ கொண்டுபோய் நிறுத்தி நம்மைச் சத்தமில்லாமல் 2டி ஆடவைத்துவிடும்.

கேமரா என்று சொல்லிவிட்டேன், அதையும் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் 3டியின் உண்மையான விலை அதில்தான் இருக்கிறது. மாரியோ 64 செய்தவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. அதனால் கேமராவையே ஒரு பாத்திரமாக்கினார்கள்: மேகத்தில் உட்கார்ந்து தூண்டிலில் கேமராவைத் தொங்கவிட்டபடி லக்கிட்டு என்பவன் மாரியோவைப் பின்தொடர்வான், ஒரு அறையில் இருக்கும் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றால் அவனும் அதில் தெரிவான். ஆடுகிறவருக்கு 'பார்வை என்பது தனியாக ஒன்று, அதையும் நீங்கள்தான் கவனிக்க வேண்டும்' என்று சொல்லிக்கொடுக்க இவ்வளவு பாடு. 1998இல் ஒகரினா ஆஃப் டைம் வந்து, ஒரு பொத்தானை அழுத்தினால் பார்வை எதிரி மேல் பூட்டிக்கொள்ளும் என்று வைத்தது. இன்றைக்கும் வாள்சண்டை 3டி கேம்களில் ஏராளமானவை அந்த வழியில்தான் போகின்றன. ஆனால் யோசித்துப் பாருங்கள், பூட்டியதும் என்ன ஆகிறது? நீங்களும் எதிரியும் ஒரு கோட்டின் இரு முனை. முன்னால், பின்னால், கொஞ்சம் சுற்றி. சண்டையைப் புரிந்துகொள்ள 3டியைத் தற்காலிகமாகச் சுருட்டி வைக்க வேண்டியிருக்கிறது.

நான் பொழுதுபோக்காகக் கேம் செய்கிறவன். என் முதல் 3டி முயற்சியில் ஆள் சுவருக்கு முதுகைக் கொடுத்து நின்றால் கேமரா சுவருக்கு அந்தப் பக்கம் போய்விடும், திரையில் செங்கல் தவிர ஒன்றும் இருக்காது. சரி, சுவரில் முட்டினால் கேமரா முன்னால் வரட்டும் என்று எழுதினேன். இப்போது திரை முழுக்க ஆளின் பின்னந்தலை. கிட்டே வந்தால் ஆளை மங்கலாக்கு என்று எழுதினேன். தூண்கள் வரிசையாக இருக்கிற இடத்தில் ஓடினால் ஒவ்வொரு தூணுக்கும் கேமரா முன்னும் பின்னும் துள்ளி, ஆடிப் பார்த்த நண்பருக்குத் தலை சுற்றிவிட்டது. மூன்று மாதம் போனது. அந்த மூன்று மாதத்தில் கேமுக்குள் ஒரு எதிரியைக்கூட வைக்கவில்லை.

ஆடுகிறவர் பக்கமும் இதே பாரம் உண்டு. என் அக்கா கேம் ஆடுகிறவர் இல்லை. ஒருநாள் கன்ட்ரோலரைக் கையில் கொடுத்தேன். பக்கவாட்டு 2டி கேமில் அரை நிமிடத்தில் ஓடத் தொடங்கிவிட்டார், வலது பக்கம் போக வேண்டும் என்று யாரும் சொல்லத் தேவைப்படவில்லை. 3டியில் இடது கட்டைவிரலுக்கு நடக்கிற வேலை, வலது கட்டைவிரலுக்குப் பார்க்கிற வேலை. பத்து நிமிடம் வானத்தையும் தரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு "ஏன்டா, நடக்கிறதுக்கும் தலையைத் திருப்புறதுக்கும் நான் தனித்தனியா சொல்லணுமா?" என்று கேட்டுக் கீழே வைத்துவிட்டார். நமக்குப் பழகிப்போனதால் இது எவ்வளவு விசித்திரமான காரியம் என்று மறந்துவிட்டோம். நின்டெண்டோவின் வீ கருவிக்கு 2007இல் வந்த 3டி சூப்பர் மாரியோ கேலக்ஸியைவிட 2009இல் வந்த பக்கவாட்டு நியூ சூப்பர் மாரியோ பிரதர்ஸ் வீ இரண்டு மடங்குக்கும் மேல் விற்றதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. அது சுமார் 3 கோடி பிரதி போனது. நியாயமாகச் சொல்ல வேண்டுமென்றால் நின்டெண்டோவின் பிற்காலக் கருவியான ஸ்விட்சில் கதை திரும்பிவிட்டது. அங்கே 3டி சூப்பர் மாரியோ ஒடிஸிதான் 2டி மாரியோவை முந்தியது, ஆனால் எதிரில் நின்ற 2டி மாரியோக்களில் அதிகம் விற்றது பழைய கேமின் மறுபதிப்பு.

இவ்வளவு சொன்னதும் 3டியை மட்டம் தட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். 2டி எவ்வளவு தலைகீழாக நின்றாலும் தர முடியாத ஒன்று அதனிடம் இருக்கிறது: ஒரு இடத்தில் இருக்கிற உணர்வு. 2005இன் ஷேடோ ஆஃப் தி கொலோசஸில் முதலில் ஒரு மலை அசைகிறது, அதற்குக் கால் இருக்கிறது, அதை நோக்கி ஓடுகிறீர்கள், ஓட ஓட அது பெரிதாகிக்கொண்டே போகிறது, காலடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் தலை தெரியவில்லை. பிறகு அதன் ரோமத்தைப் பிடித்து ஏறுகிறீர்கள், அது உடம்பை உதறுகிறது, பிடி தளர்ந்துகொண்டே வருகிறது. 2டியில் எதிரியைத் திரையைவிடப் பெரிதாக வரையலாம்தான், ஆனால் அது ஒரு பெரிய படமாக மட்டுமே இருக்கும். இங்கே அதன் உயரத்தை நீங்கள் உங்கள் ஓட்டத்தால் அளந்திருக்கிறீர்கள்.

மெட்ராய்டு பிரைம் இன்னொன்று. அந்த வரிசை அதுவரைக்கும் பக்கவாட்டு 2டி. 2002இல் அதை முதல் ஆள் பார்வைக்கு மாற்றினார்கள், கெட்டது போ என்று பலர் முன்கூட்டியே புலம்பினார்கள். வந்ததும் வாயடைத்துப் போனார்கள். மழையில் நின்று மேலே பார்த்தால் ஹெல்மெட் கண்ணாடியில் துளிகள் விழுந்து வழியும், நீராவிக்குள் போனால் கண்ணாடி பனித்துவிடும், பக்கத்தில் வெடித்தால் அந்த வெளிச்சத்தில் உங்கள் முகமே ஒரு கணம் உள்பக்கம் பிரதிபலிக்கும். ஒரு பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அந்தப் பாத்திரத்தின் தலைக்குள் உட்கார்ந்துவிட்டார்கள். குதிப்பதில் இழந்ததை வேறு இடத்தில் சம்பாதித்துக்கொண்டது. அந்தக் காலத்தில் 2டியிலிருந்து தாவி விழுந்த கேம்கள் நிறைய. தாவும்போது பழையதையே ஆழம் சேர்த்துக் கொடுத்தவை பெரும்பாலும் அடிபட்டன, 'முதுகு வந்துவிட்டது, இதை வைத்து என்ன செய்யலாம்' என்று யோசித்தவை பிழைத்தன.

இன்னொரு குழப்பத்தையும் தீர்க்க வேண்டும். படம் எப்படி வரையப்பட்டது என்பதும் ஆட்டம் எத்தனை திசையில் நடக்கிறது என்பதும் வேறு வேறு. 1993இன் டூமில் எதிரிகள் எல்லாம் தட்டைப் படங்கள், ஒரு அறைக்கு மேல் இன்னொரு அறை வைக்கவே முடியாது, மேலே கீழே பார்க்கவும் முடியாது. ஆனாலும் அந்த ஆட்டத்தில் உங்களுக்கு முதுகு இருக்கிறது, அதனால் என் கணக்கில் அது 3டி பக்கம். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4 (2008) நேர்மாறு. உருவங்கள் 3டி மாடல்கள், சண்டை ஒரே கோட்டில். இரண்டு பேருக்கும் நடுவே இருக்கிற தூரம்தான் அந்த விளையாட்டின் உயிர், அதைத் துல்லியமாகக் காட்ட வேண்டுமென்றால் பக்கவாட்டுப் பார்வையை விட முடியாது.

2014இல் வந்த கில்ட்டி கியர் எக்ஸ்ஆர்டி இன்னும் ஒருபடி மேலே போனது. பார்க்கக் கையால் வரைந்த அனிமே, உண்மையில் முழுக்க 3டி. கணினி தானாக இட்டு நிரப்பும் இடைப்பட்ட அசைவுகளை வேண்டாம் என்று தள்ளிவிட்டு, ஓவியர் வரைவது போல ஒவ்வொரு நிலையையும் கையால் அமைத்து, சில ஃபிரேம் அப்படியே நிறுத்தி, அடுத்த நிலைக்குத் தாவுவார்கள். பெரிய அடி விழும்போது கேமரா சுற்றும், அப்போதுதான் 'அட, இது 3டியா' என்று புரியும். எனக்கு ரொம்பப் பிடித்த திருட்டு 2013இன் எ லிங்க் பிட்வீன் வேர்ல்ட்ஸில் இருக்கிறது. மேலிருந்து பார்க்கிற பழைய 2டி தோற்றத்தை 3டியில் கொண்டுவந்தால் தலை உச்சி மட்டும்தான் தெரியும். அதனால் ஆட்கள், பொருள்கள் எல்லாவற்றையும் பின்பக்கமாகச் சாய்த்து வைத்துவிட்டார்கள். கேமராவைப் பக்கவாட்டுக்குக் கொண்டுபோனால் உலகமே மல்லாந்து கிடக்கும்.

'2டி என்றால் செலவு குறைவு' என்பதும் முழு உண்மை இல்லை. பிக்சல் படம் என்றால் ஒருவரே உட்கார்ந்து செய்யலாம், 2016இன் ஸ்டார்டியூ வேலி அப்படி ஒருவர் பல வருடம் உழைத்துச் செய்ததுதான். கப்ஹெட் (2017) பக்கம் வாருங்கள்: காகிதத்தில் பென்சிலால் வரைந்து, மை போட்டு, நொடிக்கு 24 படம் என்ற கணக்கில் பழைய கார்ட்டூன் முறையில் செய்தார்கள். அதில் ஒரு எதிரியின் தொப்பியை மாற்ற வேண்டுமென்றால் அந்த எதிரி வரும் அத்தனை படத்தையும் திரும்ப வரைய வேண்டும். 3டி மாடலில் தொப்பியை ஒருமுறை மாற்றினால் வேலை முடிந்தது, எந்தப் பக்கம் திருப்பினாலும் தொப்பி கூடவே வரும். இதனால்தான் 2018இன் டெட் செல்ஸில் ஆட்களை முதலில் 3டியில் செய்து, அசைத்து, அதைச் சின்ன பிக்சல் படங்களாக எடுத்துப் போட்டார்கள். பார்ப்பவருக்கு அது முழுக்க பிக்சல் கேம்.

கேம்களுக்கு வயதாவது பற்றி ஒரு வார்த்தை மட்டும். 1997இன் 2டி கேம் சிம்ஃபனி ஆஃப் தி நைட் இன்றைக்கும் கண்ணுக்கு அழகு. அதே பிளேஸ்டேஷனில் வந்த 3டி கேம்களில் சுவர்கள் தண்ணீரில் தெரிகிற பிம்பம் மாதிரி நெளியும், அந்தக் கருவியின் கணக்கில் துல்லியம் அவ்வளவுதான். இப்போது அந்த நெளிவையே ஏக்கத்தோடு வேண்டுமென்றே செய்கிறவர்கள் வந்துவிட்டார்கள், அதனால் இந்த வாதத்தை நான் ரொம்ப நம்புவதில்லை.

சரி, உங்கள் முதல் கேம். ப்ரெத் ஆஃப் தி வைல்டு (2017) செய்தவர்கள், அவ்வளவு பெரிய 3டி உலகத்தைக் கட்டுவதற்கு முன்னால், அதே வரிசையில் 1986இல் வந்த முதல் செல்டா கேம் மாதிரி தட்டையான ஒரு 2டி சோதனை கேமைச் செய்து பார்த்தார்கள். நெருப்பு பற்றுமா, மரத்தை வெட்டித் தண்ணீரில் மிதக்கவிட முடியுமா என்பதை எல்லாம் அதில்தான் முதலில் உறுதி செய்துகொண்டார்கள். நீங்களும் உங்கள் யோசனையை முதலில் வெறும் கட்டங்களை வைத்து மேலிருந்து பார்க்கிற மாதிரி செய்யுங்கள், ஒரு வாரம் போதும். அதிலேயே ஆட இழுக்கிறது என்றால் அப்படியே 2டியில் முடித்துவிடுங்கள். இழுக்கவில்லை, காரணம் ஆடுகிறவருக்கு எல்லாம் முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது, தெரியாமல் இருந்தால்தான் இதில் சுவாரசியம் என்று பட்டால் 3டிக்குப் போங்கள். போனால் முதல் மாதம் எதிரி, ஆயுதம், கதை எதையும் தொடாதீர்கள். ஒரு காலி அறை, நடுவில் நாலு தூண், ஒரு ஆள். தூணைச் சுற்றி ஓடவிட்டு, பக்கத்தில் யாரையாவது உட்காரவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், அவருக்குத் தலை சுற்றுவது நிற்கும் வரைக்கும் கேமராவைத் திருத்துங்கள்.